பழைய பேப்பரோடு போன காடி

1

இந்த ஐப்பசியோடு நான் மலேசியாவுக்கு வந்து இருபத்து மூன்று வருடம் முடிகிறது. ஒவ்வொரு வருடமும் வந்திறங்கிய தேதியில் பாயசம் வைப்பேன். வீட்டுக்காரர் "எதுக்குலா பாயசம்?" என்று கேட்பார், "உங்களை இத்தனை நாள் சமாளித்ததற்கு" என்பேன். இந்த வருடம் வைக்கவில்லை. ஒரு தகரத் துண்டை நான் பழைய பேப்பர் லாரியில் போட்டுவிட்டேன். இரண்டு உள்ளங்கையைச் சேர்த்து வைத்தால் எவ்வளவோ அவ்வளவுதான் அது. அன்றிலிருந்து வீட்டில் நடந்ததை நினைத்தால் இன்னமும் எனக்கு நெஞ்சு திக் திக்கென்று அடித்துக்கொள்கிறது.

இங்கே யாரிடம் சொன்னாலும் முதலில் சிரிக்கிறார்கள், பிறகு நான் ஏதோ வேண்டுமென்றே செய்தது போலப் பார்க்கிறார்கள். அதனால்தான் ஊரில் இருக்கும் உங்களுக்கு எழுதுகிறேன். இந்தத் தப்பை நம் ஊர்க்காரி ஒருத்தியால்தான் செய்திருக்க முடியும். உங்களுக்குச் சட்டென்று புரியும்.

2

எங்கள் வீடு புக்கிட் பெலண்டோக்கிலிருந்து லுக்குட் போகிற வழியில் இருக்கிறது. முன்னே எஸ்டேட்டாக இருந்த இடம். இப்போது வரிசை வீடுகள், பின்னால் கொஞ்சம் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை. வீட்டுக்காரர் பெயர் குணசேகரன். போர்டிக்சனில் எண்ணெய் ஆலையில் ஃபிட்டர். எல்லோருக்கும் குணா.

வந்த புதிதில் ஒருநாள் வாசலில் நின்று, "காடி எடுத்துட்டு வரேன், ரெடியா இரு" என்றார். தேவகோட்டையில் காடி என்றால் மாட்டுக்கு வைக்கிற புளித்த தண்ணீர். கல்யாணமாகி நாலாவது நாள் இந்த மனுஷர் எதற்கு அதை எடுத்து வருகிறார் என்று குழம்பிப்போய் ஒரு வாளியோடு நின்றேன். வந்தது கார். இங்கே காருக்குக் காடி என்று பெயர். மலாயிலிருந்தா எதிலிருந்தா என்று தெரியாது, எஸ்டேட் தமிழில் அது அப்படித்தான். அன்று அவர் சிரித்த சிரிப்பை இன்னும் சொல்லிக்காட்டுவேன்.

பேச்சுத் தமிழ் எல்லாம் பழகிவிட்டது என்றுதான் இத்தனை வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். காலையில் "பசியாறிட்டீங்களா?" என்று நானும் கேட்கிறேன், வார்த்தைக்கு வார்த்தை லா போடுகிறேன். சந்தையில் மீன்காரர் என்னை உள்ளூர்க்காரி என்றே நினைக்கிறார். அடையாள அட்டை மட்டும்தான் இன்னும் சிவப்பு. நிரந்தரவாசி, குடிமகள் இல்லை. குடியுரிமைக்கு மனு போட்ட கதையை எழுதினால் அதுவே ஒரு புத்தகமாகும். இப்போது வேண்டாம்.

நான் சொல்ல வந்த காடி வேறு. அவருடைய அப்பா எஸ்டேட் துரைக்கு டிரைவர். துரையிடம் ஒரு ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் இருந்ததாம். இரண்டே கதவு, நீண்ட மூக்கு, தாழ்ந்த கூரை. சனிக்கிழமை கிளப்புக்குத் துரையே ஓட்டிப் போவார். கழுவித் துடைப்பது மட்டும் மாமனார். சின்ன வயதில் என் வீட்டுக்காரர் அதன் கண்ணாடியில் மூஞ்சி பார்த்ததற்காக அப்பாவிடமே அறை வாங்கியிருக்கிறார். துரை போய், எஸ்டேட் விலைபோய், பங்களா பாழாகி, கார் கொட்டகைக்குள்ளேயே கிடந்தது. ஏழு வருடத்துக்கு முன் அதை முறைப்படி தன் பெயருக்கு மாற்றி வாங்கி, லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து, வீட்டு முன்னால் கார் நிறுத்துகிற போர்ச்சில் இறக்கிவிட்டார். டயர் இல்லை. தரை இல்லை, உள்ளே உட்கார்ந்தால் கால் சிமெண்டில் படும். டிக்கியில் ஒரு கோழி அடைகாத்திருந்த அடையாளம் இருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. "குப்பையைக் காசு கொடுத்து வாங்கி வந்திருக்கீங்களே" என்றேன்.

அவர் என் பேச்சைக் காதில் வாங்கவில்லை. எங்கள் பெண் தர்ஷினிக்கு அப்போது பதினைந்து வயது. அவளைக் கூப்பிட்டு, "இது ஒன் காடி தர்ஷி. நாம ரெண்டு பேரும் செஞ்சி முடிக்கிறோம், நீ ஓட்டுற" என்றார்.

3

அப்பாவும் மகளும் ஏழு வருடம் அந்தக் காருக்கு அடியில் கிடந்தார்கள். ஷிப்ட் இல்லாத நாளெல்லாம் இதுதான். துருவைச் சுரண்டுவது, புதுத் தகரம் வெட்டி ஒட்டுவது, பழைய எஞ்சினைக் கழற்றிப் போட்டு, ஜப்பானில் பாதியாக அறுத்து இங்கே கப்பலேறி வரும் கார்களில் ஒன்றிலிருந்து வேறு எஞ்சின் வாங்கிப் பொருத்துவது. அந்தப் பாதிக் கார்களை இங்கே ஆஃப்கட் என்கிறார்கள். முன்சக்கரத்துக்கு நல்ல பிரேக் வைத்தார்கள், கரண்ட் ஒயரையெல்லாம் பிடுங்கிப் புதிதாக இழுத்தார்கள். எஞ்சின் மாற்றியதற்கு அலுவலகம் அலுவலகமாக அலைந்து கடிதம் வாங்கினார்கள். என் சமையலறை அலமாரியில் பாதி அவர்களுடைய ஆணி, போல்ட்டுக்குப் போயிற்று. இட்லித் தட்டில் ஒருநாள் வாஷர் ஊறிக்கொண்டிருந்தது.

பழைய பேப்பரைக்கூட அவர்கள் விடவில்லை. பெயின்ட் அடிக்கும்போது கண்ணாடியை மூடி ஒட்டுவதற்கு என்று மாடிப்படிக்குக் கீழே இருக்கும் சின்ன அறையில் அவர் பேப்பரை அடுக்கி வைத்திருந்தார். எனக்கு அது கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. உங்களுக்குத் தெரியும், நம் வீடுகளில் பேப்பர் இடுப்பளவு சேர்ந்தால் எடைக்குப் போட்டுவிடுவோம். பழைய இரும்பு கிடந்தால் அதையும் சேர்த்துப் போடுவோம். அம்மா அதற்குப் பேரீச்சம்பழம் வாங்கி, முதலில் எனக்குத்தான் தருவாள்.

தர்ஷினி வளர்ந்துவிட்டாள். சிரம்பானில் இயந்திரப் படிப்பு முடித்து, அங்கேயே தெமியாங்கில் ஒரு பட்டறையில் வேலை செய்கிறாள். சிநேகிதிகளோடு ஆங்கிலம், கடையில் மலாய். என்னோடு பேசும்போது நடுவில் நின்று வார்த்தை தேடுவாள். நான் கதை சொல்ல ஆரம்பித்தால் காதில் ஹெட்போனை மாட்டிக்கொள்வாள். தமிழ் இவள் கையை விட்டு நழுவுகிறது என்று முன்பு உங்களுக்கு எழுதியும் இருக்கிறேன். எவ்வளவு பெரிய மடைச்சி நான் என்று இப்போதுதான் தெரிகிறது.

4

அன்று செவ்வாய்க்கிழமை. அவருக்கு மதிய ஷிப்ட். தர்ஷினிக்கு விடுமுறை, ஹாலில் சோபாவில் படுத்துக் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. அவர் ஒரு தகரத் துண்டைக் கொண்டுவந்து பின்வாசல் தாழ்வாரத்தில் துணி துவைக்கும் மெஷின்மேல் வைத்தார். ஓரமெல்லாம் துரு, நடுவில் பழைய பெயின்ட். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்:

"செல்வி, அந்தத் தகரத்த பழைய பேப்பரோட போட்டுரு. மழ வர்ற மாரி இருக்கு."

நீங்களே சொல்லுங்கள், என்ன புரிந்துகொள்வீர்கள்?

எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஏழு வருடத்தில் முதல்முறையாக இந்த மனுஷருக்கு வீட்டைச் சுத்தம் பண்ணத் தோன்றியிருக்கிறதே என்று. ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, பழைய பேப்பர் லாரி ஒலிபெருக்கியில் மலாயில் கத்திக்கொண்டு தெருவுக்குள் வந்தது. சொல்லிவைத்த மாதிரி என்று நினைத்தேன். படிக்குக் கீழே இருந்த பேப்பர் அத்தனையும் கட்டுக்கட்டாகத் தூக்கிக் கொடுத்தேன். கடைசிக் கட்டின்மேல் அந்தத் தகரத்தை வைத்தேன். லாரிக்காரர் அதை எடுத்து இரும்புப் பக்கம் எறிந்த சத்தம் இப்போதும் காதில் இருக்கிறது. வீட்டைப் பெருக்கித் துடைத்துவிட்டு, அந்த அறையில் நான் பல வருடமாக வைக்க நினைத்த அரிசி வாளியை வைத்தேன்.

5

மறுநாள் காலை பசியாறிவிட்டு அவர் படிக்குக் கீழே போய்க் கதவைத் திறந்தார்.

"பேப்பர் எங்க?"

"போட்டுட்டேனே, நீங்கதானே சொன்னீங்க."

"எங்க போட்ட?"

"லாரியிலதான். வேற எங்க போடுவாங்க?"

அவர் முகத்தில் ரத்தமே இல்லை. கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் சொன்னது என்னவென்றால், தகரத்தைப் பழைய பேப்பர் இருக்கிற இடத்தில் வை. வைக்கிறதுக்கு இவர்கள் போடு என்பார்கள். சாவியை மேசைமேல போட்டேன், பிள்ளையை ஸ்கூல்ல போட்டேன், எல்லாமே போடுதான். பேப்பர் இருந்த அறை ஈரமில்லாதது, மழையில் துரு ஏறாது. அவ்வளவுதான் அவர் கணக்கு. போட்டுவிடு என்றால் எடைக்குப் போட்டுவிடு என்று அர்த்தமாகும் ஊர் ஒன்று இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அந்தத் துண்டில் என்ன இருந்தது என்று பிறகுதான் சொன்னார். எஞ்சினுக்கும் ஆள் உட்காரும் இடத்துக்கும் நடுவே இருக்கிற தகரச் சுவரில் காரின் பிறவி எண் பொறித்திருக்கும். நமக்குக் கைரேகை மாதிரி அது, காருக்குக் கார் வேறு. சுவர் முழுக்கத் துரு தின்றுவிட்டதால், எண் இருக்கிற பகுதியை மட்டும் பத்திரமாக அறுத்தெடுத்து, புதுச் சுவர் போட்டபின் அதே இடத்தில் ஒட்டுவதாக இருந்தார். துண்டைக் கண்ணில் காட்டினால் பரிசோதனைக்கு வழி உண்டு என்று வாகனப் பதிவு அலுவலகக் கவுண்டரில் கேட்டும் வைத்திருந்தார். அது இல்லையென்றால் காரே இல்லை. காகிதம் இருக்கலாம், எஞ்சின் ஓடலாம், ஆனால் சட்டப்படி அது ஸ்பேர் பார்ட்ஸ் குவியல். அடுத்த மாதம் பரிசோதனைக்கு எடுத்துப் போகிறதாக இருந்தது.

அரிசி வாளியை வெளியே எடுத்து வைத்தேன். எதற்கு எடுத்தேன் என்று தெரியாது.

6

லுக்குட்டைத் தாண்டி ஒரு பழைய இரும்புக் கடைக்குத்தான் அந்த லாரி போகும் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள். கடை என்றால் நம் ஊர்க் கடை இல்லை. ஃப்ரிட்ஜும் சைக்கிளும் கூரைத் தகரமும் மலை மாதிரி. அதன் உரிமையாளரான சீன அங்கிள் நல்ல மனுஷர். தேடிக்கொள்ளுங்கள், ஆனால் நசுக்குகிற மெஷின் வாரக்கடைசியில் ஓடும் என்றார். வீட்டுக்காரர் லீவு போட்டுவிட்டு அன்றே குவியலில் ஏறினார்.

என்னையும் தர்ஷினியையும் போலீஸில் புகார் எழுதி வைக்க அனுப்பினார். பிறவி எண் வேறு யாராவது கையில் கிடைத்துத் திருட்டுக் காரில் ஒட்டினால் நம் தலையில் விழும் என்றார். சிவப்பு அட்டையோடு போலீஸ் நிலையத்துக்குப் போவதென்றால் இருபத்து மூன்று வருடம் ஆனாலும் பயம்தான்.

மேசையில் இருந்த மலாய் சார்ஜண்ட் மரியாதையானவர். தர்ஷினி மலாயில் சொல்லச் சொல்ல எழுதினார். மொழி புரியாததால் தவறு நடந்தது என்று வந்ததும் பேனாவை நிறுத்தினார். கணவர் என்ன மொழி பேசுவார் என்று என்னைக் கேட்டார். தமிழ் என்றேன். நீங்கள்? தமிழ். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். என் அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். இவள் எதையோ மறைக்கிறாள் என்று நினைக்கிறார் என எனக்குத் தோன்றியது.

அப்போது தர்ஷினி நிதானமாக அவருக்கு விளக்கினாள். அப்பாவுடைய தமிழில் இந்தச் சொல்லுக்கு வைப்பது என்று பொருள், அம்மா ஊரில் பழைய பேப்பரோடு சேர்ந்து வந்தால் விற்பது என்று பொருள், அம்மா செய்தது அம்மாவின் தமிழில் சரி. மலாயில் அதைவிடத் தெளிவாக யாரும் சொல்லியிருக்க முடியாது. சார்ஜண்ட் சிரித்துவிட்டார். தன் மனைவி கிளந்தான் மாநிலத்துக்காரி, அவள் பேசும் மலாய் வேறு என்றும், தனக்கும் அதே தொல்லைதான் என்றும் சொல்லி எழுதி முடித்தார்.

நான் சிரிக்கவில்லை. நானே அந்த வித்தியாசத்தை அன்று காலையில்தான் தெரிந்துகொண்டேன். வீட்டுக்காரரும் அப்படியே. வெளியே வந்து அவளுடைய சின்னக் காரில் ஏறியதும், "உனக்கு எப்படிடி தெரியும்?" என்று கேட்டேன்.

அவள் சாவியைத் திருகவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னாலேயே பார்த்தாள்.

"சின்னதுலேர்ந்து ரெண்டு பேர் பேசுறதும் கேக்குறேன் மா. அப்பா சொல்றது ஒங்களுக்கு வேற மாரி கேக்கும். நான்தான் நடுவுல சொல்லுவேன். நீங்க கவனிச்சதே இல்ல."

பிறகு சொன்னாள்: "அன்னிக்கி அப்பா சொன்னப்ப நான் சோபாலதான இருந்தேன். நீங்க லாரிக்குத்தான் போடுவீங்கன்னு தெரியும். லாரி வந்தப்பயும் பாத்தேன். ஒரு வார்த்த சொல்லிருக்கலாம். சொல்லல."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. காரணத்தையும் அவளே சொன்னாள். ஆஸ்திரேலியாவில், பெர்த்தில் சுரங்க இயந்திரங்கள் பழுதுபார்க்கும் பட்டறையில் அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறது. நேர்காணலில் இந்தக் காரின் படங்களைத்தான் காட்டினாளாம். அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், காடி முடிந்த அன்று சொல்லிவிடலாம் என்று தனக்குத்தானே தவணை வைத்திருக்கிறாள். காடி முடிந்துகொண்டே வந்தது.

"அது போனா கொஞ்ச நாளு கெடைக்கும்னு நெனச்சேன் மா. இப்படி உக்காந்துருவாருன்னு நெனைக்கல."

அவளை அறைந்துவிடலாம் போல இருந்தது. கை எழவில்லை. வீட்டை விட்டு அத்தனை தூரம் வந்தவர்தானே நீங்களும் என்று அவள் கேட்கவில்லை.

7

அவள் சொன்னதை இரண்டு நாள் நான் அவரிடம் மறைத்தேன். அவர் விடியற்காலையில் இரும்புக் கடைக்குப் போவார், பொழுது சாய வருவார். கையெல்லாம் கீறல். என்னைப் பார்த்து, "நீ ஏன்லா மொகத்த தொங்கப்போட்டுக்கிட்டு இருக்க, ஒம்மேல தப்பு இல்ல" என்பார். அது இன்னும் வலித்தது. தப்பு செய்தவள் உள்ளறையில் இருக்கிறாள் என்று எப்படிச் சொல்வது? மகளைக் காட்டிக்கொடுப்பதா, இந்த மனுஷரைக் குவியலில் அலைய விடுவதா? சாம்பாரில் இரண்டு தடவை உப்புப் போட்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் அவர் வந்தார். தலைமுடியெல்லாம் துருப்பொடி. சட்டைக்குள்ளிருந்து அந்தத் துண்டை எடுத்துச் சாப்பாட்டு மேசையில் வைத்தார். ஒரு பக்கம் வளைந்திருந்தது. எண் அப்படியே இருந்தது. எனக்குக் கண்ணீர் கொட்டியது. தர்ஷினியைப் பார்த்து, "காடி பொழச்சிருச்சி தர்ஷி" என்றார். குழந்தை மாதிரி சிரித்தார்.

அவள் அங்கேயே, நின்றபடியே சொல்லிவிட்டாள். பெர்த், வேலை, சோபாவில் பேசாமல் இருந்தது, லாரியைப் பார்த்தது, எல்லாம். வார்த்தை தேடவே இல்லை.

அவர் சிரிப்பு முகத்திலேயே நின்றுபோயிற்று. ஒரு மனுஷருக்கு அப்படி ஆகும் என்று நான் பார்த்ததில்லை.

"எப்பலா போற?"

"அடுத்த மாசம் கடைசில ப்பா."

"சரி, போ." பிறகு, "காடிய பத்தி கவலப்படாத. எனக்குத்தான் செஞ்சேன்" என்றார். அவள் அழுதுகொண்டே உள்ளே போனாள். அவர் கை கழுவிவிட்டு வந்து, நான் வைத்த சோற்றை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார்.

8

மறுநாள் காலை போர்ச்சில் கிரைண்டர் சத்தம் கேட்டது. எண் பொறித்த துண்டை ஒட்டுகிறார் என்று நினைத்துப் போனேன். எண் சாப்பாட்டு மேசையிலேயே கிடந்தது. அவர் ஓட்டுகிறவர் சீட்டைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு, காருக்குள் குனிந்திருந்தார். என்ன பண்ணுகிறீர்கள் என்று எட்டிப் பார்த்தேன்.

தர்ஷினி என்னைப் போல ஐந்தடிதான். அவள் கால் கிளட்ச்சை எட்ட வேண்டும் என்று, சீட்டைத் தாங்குகிற இரும்புச் சட்டத்தை முக்கால் சாண் முன்னால் கொண்டுவந்து வெல்டிங் வைத்திருக்கிறார். அது எனக்கே அப்போதுதான் தெரியும். அவர் ஆறடி. அந்தச் சீட்டில் அவர் முழங்கால் ஸ்டியரிங்குக்குக் கீழே நுழையவே நுழையாது. ஏழு வருடத்தில் ஒருநாளாவது அவர் அதில் உட்கார்ந்து பார்த்திருப்பாரா என்று எனக்குத் தெரியவில்லை.

அந்த வெல்டிங்கைத்தான் அறுத்துக்கொண்டிருந்தார். சட்டம் ஆடியது, ஒற்றைக் கையால் பிடிக்க முடியாமல் தடுமாறினார். தர்ஷினி வெளியே வந்தாள். மறுபக்கக் கதவைத் திறந்து, உள்ளே குனிந்து, சட்டத்தின் மறுமுனையை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அவர் நிமிர்ந்து ஒருமுறை அவளைப் பார்த்துவிட்டு, மறுபடி அறுக்க ஆரம்பித்தார்.